கீழ் செட்டோடு ராசியான கதை
பல்செட் கட்டிய முதல் மாதம் அது பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் கிடந்தது. மேல் செட் அண்ணத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது, கீழ் செட்தான் நாக்கு அசைந்தாலே எழும்பி ஈறைப் புண்ணாக்கியது, அதனால் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரைத் திட்டிக்கொண்டிருந்தேன் (நானே உப்புத்தாளால் தேய்க்கப் பார்த்தது தனிக்கதை, யாரும் செய்யாதீர்கள்). அப்புறம்தான் தெரிந்தது, எங்கே அழுத்துகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால் அவரிடம் போவதற்கு முந்தைய நாளே செட்டைப் போட்டிருக்க வேண்டுமாம். அப்படியே போனேன், சட்டென்று தேய்த்துக் கொடுத்தார். சின்னத் துண்டுகளாக இரண்டு பக்கமும் மெல்லப் பழகினேன், குழறலுக்கு நாளிதழை உரக்கப் படித்தேன். 6 மாதத்தில் மறுபடி தளர்ந்தது; பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரைவதால் அப்படித்தான் ஆகுமாம், உள்பக்கம் புதுப் பூச்சு வைத்து இறுக்கினார். சொந்தப் பல் போல இல்லைதான், ஆனால் இப்போது இரவில் மட்டுமே கழற்றுகிறேன்.