மரக்கப்பல் மாடலுக்கு பித்தளை சாமான் செய்யும்போது எங்கெல்லாம் சொதப்புது

கிட் பெட்டியில வர்ற ஐபோல்ட் (தலையில வளையம் இருக்குற சின்ன ஆணி) ஒண்ணை எடுத்து வெர்னியர்ல வச்சு அளந்து பாருங்க. வளையம் 3 எம்எம் இருந்தா 1:72 ஸ்கேல்ல அது நிஜக் கப்பல்ல 21.6 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு டிபன் தட்டு அகலம். அப்படி ஒரு வளையத்தை எந்தக் கொல்லனும் பீரங்கி ஜன்னலுக்குப் பக்கத்துல அடிச்சிருக்க மாட்டான். மர வேலை எல்லாம் அருமையா பண்ணிட்டு கடைசியில இந்த மாதிரி குண்டு குண்டு சாமானை ஒட்டி பொம்மையாக்கிடுறது தான் இந்த ஹாபியில ரொம்ப சகஜமா நடக்குற தப்பு. என்னைக் கேட்டா, சின்னதா செய்ய முடியலன்னா அந்த சாமானை வைக்காமலே விட்டுடலாம், இல்லாதது யார் கண்ணுக்கும் தெரியாது, பெருசா இருக்குறது எல்லார் கண்ணையும் குத்தும்.

உதாரணத்துக்கு விக்டரிங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பலையே எடுத்துக்கறேன், ஏன்னா ரொம்ப பேர் கட்டுறது அதைத்தான். 1765ல தண்ணியில இறங்கினது, 1805 டிரஃபால்கர் சண்டையில பிரிட்டிஷ் தளபதி நெல்சனோட கப்பல், இப்ப போர்ட்ஸ்மவுத்ல உலர் துறையில நிக்குது. 1:72ல ஒரு இஞ்ச் இரும்புக் கம்பின்னா 0.35 எம்எம். அரை எம்எம் கம்பி எடுத்தீங்கன்னா அது நிஜத்துல 36 எம்எம் தடி. இந்தக் கணக்கை முதல்லயே ஒரு பேப்பர்ல எழுதி டேபிள்ல ஒட்டி வச்சிடுங்க.

கம்பி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். அமெரிக்கக்காரர் வீடியோவுல 22 கேஜ்னு சொல்வார், அது ஏடபிள்யூஜிங்கிற அமெரிக்க அளவு, 0.64 எம்எம். நம்ம ஊர் கடையில 22 கேஜ் கேட்டா எஸ்டபிள்யூஜிங்கிற பிரிட்டிஷ் கணக்குல 0.71 எம்எம் குடுப்பாங்க. 18க்கு வந்தா ஒண்ணு 1.02, இன்னொண்ணு 1.22. அதனால கேஜ் நம்பரை மறந்துட்டு எம்எம்ல கேளுங்க. பழைய மோட்டார் வைண்டிங் கம்பியை ஓசியில எடுத்து யூஸ் பண்றவங்க ஒண்ணு கவனிக்கணும், அது மேல எனாமல் கோட்டிங் இருக்கும், அதை சுரண்டி எடுக்காம என்ன தான் சூடு காட்டினாலும் சால்டர் ஒட்டாது. கம்பி வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா ஒரு முனையை வைஸ்ல மாட்டி மறு முனையை குறடால பிடிச்சு ஒரு இழுப்பு இழுங்க, நேராயிடும்.

வளையத்துக்கு டிரில் பிட் மேல கம்பியை சுத்துறது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா சுத்தினதை கட்டர்ல வெட்டுறாங்க பாருங்க, அங்க தான் தப்பு. கட்டர் கம்பியை நசுக்கி கூரா ஆக்கி விட்டுடும், ரெண்டு முனையும் சேரவே சேராது, அந்த இடுக்கை சால்டரால ரொப்புவாங்க, அது ஒரு கட்டி மாதிரி நிக்கும். பத்தர் சாமான் விக்கிற கடையில மெல்லிய ரம்ப பிளேடு கிடைக்கும், அதால அறுத்தா முனை சப்பையா வரும். வளையத்தை திறக்கும்போதும் மூடும்போதும் பக்கவாட்டுல திருகணும், அகட்டி இழுத்தா வட்டம் போயிடும். அப்புறம் பித்தளை கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், 1 எம்எம் உள்வட்டம் வேணும்னா 0.9 பிட்ல சுத்திப் பாருங்க.

பித்தளையை திரும்பத் திரும்ப வளைச்சா இறுகிப் போய் படக்குனு உடையும். கீல், பட்டை மாதிரி மடிக்கிற சாமானுக்கு முன்னாடியே சூடு காட்டி இளக்கிடணும். வெயில்ல பண்ணாதீங்க, கொஞ்சம் இருட்டா இருக்குற இடத்துல மங்கலா சிவப்பு தெரிஞ்ச உடனே நிறுத்திடணும், வெளிச்சத்துல அந்த சிவப்பு தெரியாது, தெரியுற நேரத்துல மெல்லிய தகடு உருக ஆரம்பிச்சிருக்கும். இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு, கயிறு கட்டி இழுக்கப் போற ஐபோல்ட்டையும் சேர்த்து இளக்கிடுறது. அது கயிறு இழுக்குற டென்ஷன்ல வாயைத் திறந்துடும்.

இப்ப சால்டரிங். பாதி பேர் அயர்ன் முனையில ஈயத்தை உருக்கி அதைக் கொண்டு போய் சாமான் மேல தடவுறாங்க. அது ஒட்டின மாதிரி தெரியும், கயிறு கட்டின அன்னிக்கு கையோட வந்துடும். சூடாக வேண்டியது சாமான், அந்த சூட்டுல ஈயம் தானா உருகி இடுக்குல ஓடணும். ஈயக் கம்பியை சுத்தியலால தட்டி பேப்பர் மாதிரி ஆக்கிக்கோங்க, கத்திரிக்கோலால அரை எம்எம் துண்டா நறுக்குங்க, இணைப்புல ஃப்ளக்ஸ் (ஈயம் ஓடி ஒட்ட உதவுற மருந்து) ஒரு சொட்டு, அது மேல சாமணத்தால ஒரே ஒரு துண்டு. கீழ இருந்து சூடு காட்டினா ஃப்ளக்ஸ் முதல்ல பொங்கும், துண்டு நகரப் பாக்கும், தள்ளி விடுங்க, அப்புறம் திடீர்னு பளிச்சுனு ஒரு கோடு இணைப்பு முழுக்க ஓடும். அந்த கோடு தெரிஞ்ச செகண்டே சூட்டை எடுத்துடணும். அது ஓடவே இல்லன்னா சூடு பத்தலன்னு நினைச்சு இன்னும் காட்டாதீங்க, முக்கால்வாசி நேரம் அழுக்கு தான் காரணம், விரல் எண்ணெய் பட்டாலே போதும்.

ஒரே சாமான்ல ரெண்டு இணைப்பு பக்கத்துப் பக்கத்துல வந்தா, ரெண்டாவதை பத்த வைக்கும்போது முதல் இணைப்பு கழண்டு விழும். அதனால முதல் இணைப்பை வெண்காரம் போட்டு வெள்ளி சால்டர்ல பண்ணிடுங்க, அது உருக 600 டிகிரிக்கு மேல வேணும். ரெண்டாவதுக்கு 183 டிகிரியில உருகுற சாதா 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்). வரிசையை மாத்தி, ஈயம் பட்ட சாமானை வெள்ளி சால்டர் சூட்டுக்கு கொண்டு போனா ஈயம் பித்தளையை அரிச்சு குழி குழியாக்கிடும், அதை எந்த அரமும் காப்பாத்தாது. வெள்ளி சால்டர் சூட்டுல பித்தளையும் இளகிடும்ங்கிறதையும் மனசுல வச்சுக்கோங்க, நேரா நிக்க வேண்டிய கைப்பிடித் தூண் கை பட்டாலே வளையும்.

முடிஞ்சதும் வெதுவெதுப்பான எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) தண்ணியில போட்டா சூட்டுல ஏறின கருப்பு போயிடும். புளியும் வேலை செய்யும், வீட்டுல விளக்குக்கு பண்றது தானே, ஆனா சந்து பொந்துல மாட்டிக்கிட்ட புளியை எடுக்குறதுக்குள்ள போதும்னு ஆயிடும். நிறைய தடவை யூஸ் பண்ணின எலுமிச்சை உப்பு தண்ணியில செம்பு கரைஞ்சிருக்கும், அதுல இரும்பு சாமணத்தை விட்டா சாமான் மேல செம்பு நிறம் ஏறிடும், பிளாஸ்டிக் சாமணம் வச்சுக்கோங்க. கடைசியா நல்லா அலசணும், ஆசிட் ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தா கொஞ்ச நாள் கழிச்சு பச்சை பூக்கும்.

அடுத்தது நான் ரொம்ப கோவப்படுற விஷயம், செயின்பிளேட். பாய்மரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு நிறுத்துற ஷ்ரவுட் கயிறு எல்லாம் கீழ டெட்ஐங்கிற ஓட்டை போட்ட வட்டக் கட்டையில முடியும், அந்தக் கட்டையை கப்பல் உடம்போட பிடிச்சிருக்கிறது இந்த இரும்பு. ஒரு அச்சு செஞ்சு எல்லாத்தையும் ஒரே நீளத்துல வளைச்சு, ஒண்ணுக்கொண்ணு இணையா செங்குத்தா ஆணி அடிச்சு வச்சுடுறாங்க. பாக்க ஒழுங்கா இருக்கும், ஆனா தப்பு. மேல இருந்து வர்ற கயிறு எந்த சாய்வுல வருதோ அதே நேர்கோட்டுல தான் இரும்பும் இருக்கணும், இல்லன்னா இழுவை வந்ததும் இரும்பு அந்தக் கோட்டுக்கு தானா திரும்பப் பாக்கும். பாய்மரத்துக்கு நேரா இருக்குறது கிட்டத்தட்ட செங்குத்தா வரும், பின்னால போகப் போக சாய்வு கூடும், நீளமும் கூடும். பாய்மரத்தை ஒட்டாம சும்மா சொருகி நிறுத்துங்க, ஷ்ரவுட் கட்டுற உசரத்துல ஒரு நூல் கட்டி, டெட்ஐ இருக்குற இடம் வழியா கப்பல் உடம்பு வரைக்கும் இழுத்துப் பிடிச்சு பென்சில்ல புள்ளி வைங்க. நடுவுல பீரங்கி ஜன்னல் குறுக்க வருதான்னும் அப்பவே தெரிஞ்சுடும். அப்புறம் ஒவ்வொண்ணா அளந்து செய்யுங்க.

கருப்பாக்குறதுக்கு வருவோம். நிஜக் கப்பல்ல இதெல்லாம் தாரும் கருப்பு பெயிண்டும் அடிச்ச இரும்பு, பளபள பித்தளையா விட்டா பூஜை ரூம் களை வந்துடும். மரத்துல மாட்டின பிறகு கெமிக்கல் தடவாதீங்க, மரம் கறை பிடிக்கும். கந்தக வகை கரைசல் செம்புல நல்லா பிடிக்கும், பித்தளையில சரியா பிடிக்காது, பித்தளைக்குன்னு தனியா விக்குறதை வாங்குங்க, அதையும் தண்ணி கலந்து மெதுவா ஏத்துங்க, கெட்டியா போட்டா கருப்பு தூளா உதிரும். வழிஞ்ச ஈயம் கருப்பு பிடிக்காம வெள்ளிக் கோடா தெரியும், அதை முன்னாடியே அரம் போட்டு எடுத்துடணும்.

அடுத்தது கப்பல் அடிப்பாகத்துல செம்புத் தகடு ஒட்டுறவங்களுக்கு. விக்டரிக்கு 1780ல 3,923 தகடு அடிச்சாங்க. பிரிட்டிஷ் கடற்படைத் தகடு 4 அடிக்கு 14 இஞ்ச், 1:72ல அது 16.9க்கு 4.9 எம்எம். தகடோட தடிமன் நிஜத்துலயே ஏறக்குறைய 1 எம்எம் தான், மாடல்ல அது ஒண்ணுமே இல்ல, அதனால கிட்ல வர்ற ஆணி மொட்டு மொட்டா புடைச்ச தகடு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, செம்பு டேப்பே எவ்வளவோ மேல். முன்பக்கத் தகடோட ஓரம் பின்பக்கத் தகடு மேல ஏறி இருக்கணும், தண்ணி அடியில பூராம இருக்க. கிளவுஸ் போட்டு ஒட்டுங்க, இல்லன்னா கொஞ்ச நாள்ல உங்க கைரேகை அடியில வரிசையா தெரியும்.

எல்லாத்தையும் உலோகத்துல தான் செய்யணும்னு இல்ல. நங்கூரத்தோட மரக்கட்டையில வர்ற இரும்புப் பட்டைக்கு கருப்பு பேப்பர் கீத்து போதும், தடிமன் சரியா வரும். அந்தக் கட்டை நங்கூரக் கைகளுக்கு குறுக்கா இருக்கணும், ஒரே தளத்துல ஒட்டினா அந்த நங்கூரம் தரையில மல்லாக்க படுத்துக்கும், குத்தாது.

ஃபெவிக்விக்கை நம்பி எதையும் மேலாப்ல ஒட்டாதீங்க, கருப்புப் படலத்தோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும். சாமானுக்கு அடியில ஒரு கம்பிக் கால் விட்டு செய்யுங்க, மரத்துல ஓட்டை போட்டு அந்தக் காலை எபாக்ஸியில இறக்குங்க.

கடைசியா ஈயத்துல வார்த்த பீரங்கி, நங்கூரம். மூடின கண்ணாடிப் பெட்டியில ஓக் மரமும் பிளைவுட்டும் விடுற அசெட்டிக் ஆசிட் ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கி தின்னுடும், பெயிண்ட் அடிச்சாலும் உள்ளே நடந்துட்டே இருக்கும். அந்தப் பொடி விஷம், வெறும் கையில துடைக்காதீங்க. முடிஞ்சா ஈய சாமானை ஆரம்பத்துலயே தூக்கிப் போட்டுட்டு பித்தளையில கடைஞ்சதை வாங்குங்க, பெட்டிக்கு அடியில காத்து போக ஓட்டை விடுங்க, கண்ணாடி ஒட்ட வினிகர் வாசம் வர்ற சிலிகான் வேண்டாம்.