லீவர் விடுபடவில்லையா? முதலில் வண்டியைப் பின்னால் எடுங்கள்

காரைக்குடியில் என் பட்டறைக்கு வரும் ஜீப்புகள் பலவற்றுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது இன்ஜின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பகிர்ந்து தரும் பற்சக்கரப் பெட்டியை, பிரிக்கவே தேவையிருப்பதில்லை. கண்மாய்ச் சேற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டவர், அதை எடுக்காமலே தார்ச்சாலையில் கானாடுகாத்தான் வரை ஓட்டிவிடுகிறார். பிறகு அந்த இழுவையைப் போடும் லீவர் அசைவதில்லை. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. சேற்றில் டயர் வழுக்கி அதை ஈடுகட்டும். தாரில் அந்த இறுக்கமெல்லாம் பற்சக்கரங்களில் ஏறிவிடும். லீவரை அடிக்காதீர்கள், உள்ளே பற்சக்கரத்தை நகர்த்தும் கவை வளைந்துவிடும். வண்டியை நேராகப் பத்தடி பின்னால் எடுத்து, இறுக்கம் தளரும் கணத்தில் லீவரைத் தள்ளுங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவுதானா என்றும் பாருங்கள்.

லீவர் விடுபட்ட பிறகும் கேஸில் இரைச்சல் இருந்தால் அதன் ஆயிலை வடியுங்கள். நிரப்பும் மூடியை முதலில் திறந்த பிறகே கீழ்மூடியைக் கழற்ற வேண்டும். மேல்மூடி துருவேறி வராமல் போனால் வண்டி ஆயிலின்றி அங்கேயே கிடக்கும். வடித்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறப் பொடி இயல்பானது. விரலில் குத்தும் சில்லு வந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. பிரித்தே ஆக வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேஸுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயையும் ஆயில் சீலையும் பாருங்கள்.

சங்கிலி வைத்த கேஸ், மேட்டில் பாரத்தோடு ஏறும்போது ‘டக்’கென்று குதித்தால் சங்கிலி நீண்டிருக்கும். பற்சக்கரங்களின் தேய்மானத்தையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள்.