சூப்பர்ஜூம் லென்ஸை எடைபோடுவது எப்படி: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

அகன்ற காட்சியையும் தொலைவிலுள்ள பறவையையும் லென்ஸ் மாற்றாமலே எடுக்கலாம் என்பதுதான் சூப்பர்ஜூமின் கவர்ச்சி. பயணத்தில் பையின் சுமை குறைகிறது. திறந்த வெளியில் லென்ஸைக் கழற்றி மாட்டாததால் சென்சாரில் தூசி படிவதும் குறைகிறது. இதற்கு ஈடாக நாம் எதை இழக்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலோர் கூர்மையைச் சொல்வார்கள். ஆனால் தொடக்கநிலையாளரை அதிகம் பாதிப்பது ஒளி இழப்புதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள சோதனைகளைச் செய்தால் இரண்டையும் உங்கள் லென்ஸிலேயே பார்த்துவிடலாம். நிக்கான் 2005இல் வெளியிட்ட, ஏபிஎஸ்-சி (முழுச்சட்டகத்தைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராக்களுக்கான 18-200 மி.மீ. லென்ஸை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். டாம்ரான் 18-400 போன்ற பிற லென்ஸ்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: ஒளியை அளத்தல்

கேமராவை அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) முன்னுரிமை முறையில் வைத்து, அத்துளையின் அளவைக் குறிக்கும் எஃப் எண்ணை இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜூம் வளையத்தை மெல்லத் திருப்பியபடி திரையில் அந்த எண் மாறுவதைக் கவனியுங்கள். 18 மி.மீ.யில் எஃப்/3.5 ஆக இருப்பது 50 மி.மீ.யை எட்டும்போதே எஃப்/4.8க்கு வந்து, கடைசியில் எஃப்/5.6இல் நிற்கும். 3.5இலிருந்து 5.6க்குப் போனால் உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைகிறது.

மாலை வெளிச்சத்தில் 18 மி.மீ., ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400 என்ற அமைப்பில் 1/125 நொடி ஷட்டர் வேகம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதே வெளிச்சத்தில் 200 மி.மீ.க்குப் போனால் ஷட்டர் வேகம் சுமார் 1/50 நொடிக்கு இறங்கிவிடும். ஆனால் ஏபிஎஸ்-சி சென்சார் காட்சியை 1.5 மடங்கு நெருக்கமாகக் காட்டும் கணக்கைச் சேர்த்தால் (200 × 1.5 = 300), 200 மி.மீ.யில் கை நடுக்கம் தெரியாமல் எடுக்கக் குறைந்தது 1/300 நொடியாவது வேண்டும். 1/320 நொடியை வைத்தால் ஐஎஸ்ஓ 2500 வரை ஏறி, நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியத் தொடங்கும். லென்ஸில் உள்ள அதிர்வுக் குறைப்பு வசதியை நம்பி 1/50 நொடியிலேயே எடுக்கலாமே என்று தோன்றும். அது உங்கள் கையின் அசைவை மட்டுமே ஈடுசெய்யும். ஓடும் குழந்தையும் மேடையில் ஆடுபவரும் மங்கலாகத்தான் பதிவார்கள்.

இரண்டாம் படி: கூர்மையைப் பார்த்தல்

செய்தித்தாளின் பக்கங்களைச் சுவரில் மடிப்பில்லாமல் ஒட்டி, கேமராவை முக்காலியில் சுவருக்கு நேராக நிறுத்துங்கள். அதிர்வுக் குறைப்பை அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமரில் 18, 35, 70, 135, 200 மி.மீ. ஆகிய நிலைகளில் படமெடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் முழுதாகத் திறந்த அபெர்ச்சரில் ஒன்று, எஃப்/8இல் ஒன்று, எஃப்/16இல் ஒன்று போதும். ஜூமை மாற்றும்போதெல்லாம் அதே பரப்பு சட்டகத்தை நிறைக்குமாறு முக்காலியைப் பின்னே நகர்த்துங்கள்.

கணினியில் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, நடுப்பகுதியை விட்டுவிட்டு மூலைகளைப் பாருங்கள். மூலையிலுள்ள சிறிய எழுத்துகளில் ‘ண’வையும் ‘ன’வையும் சுழி எண்ணிப் பிரித்தறிய முடிகிறதா என்பதே நல்ல அளவுகோல். பெரும்பாலான சூப்பர்ஜூம்களில் 200 மி.மீ.யில் முழுதாகத் திறந்த நிலையில் அது தடுமாறும். எஃப்/8இல் கண்கூடாகத் தேறும். எஃப்/16இல், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விலகலால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். எனவே நல்ல வெயிலில் எஃப்/8ஐ வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கோட்டம் (நேர்கோடுகள் வளைந்து தெரிதல்)

கதவின் நிலைச்சட்டம் படத்தின் ஓரத்தில் வருமாறு 18 மி.மீ.யில் எடுத்தால் அது வெளிப்புறமாகப் புடைத்திருக்கும். ஜூமை ஏற்றினால் உட்புறமாக வளையும். கேமராவிலோ மென்பொருளிலோ இதைத் திருத்திவிடலாம் என்பதால், இதற்காக ஒரு லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: அருகிலும் கீழ்நோக்கியும்

இந்த லென்ஸ் 50 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் 200 என்று வளையத்தில் இருந்தாலும், உண்மையில் கிடைக்கும் உருப்பெருக்கம் 200 மி.மீ.க்கு உரியதைவிடக் குறைவு. வேறொரு 70-300 லென்ஸ் இரவலாகக் கிடைத்தால், அதன் மிகக் குறைந்த ஃபோகஸ் தொலைவில் ஒரு பூவை இரண்டிலும் 200 மி.மீ.யில் எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு ஜூமை நடுவில் நிறுத்திக் கேமராவைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். பழைய பிரதியாக இருந்தால் குழல் தானாக நீளும். 2009இல் வந்த இரண்டாம் பதிப்பில் பூட்டு சேர்க்கப்பட்டாலும், அது 18 மி.மீ.யில் மட்டுமே பூட்டும். மேசைமீது வைத்த பொருளை நேர் மேலிருந்து எடுப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.

ஐந்தாம் படி: முடிவெடுத்தல்

ஏற்கெனவே எடுத்த படங்களைக் குவியத் தூரத்தின்படி (அதாவது, எத்தனை மி.மீ.யில் எடுத்தவை என்பதன்படி) வரிசைப்படுத்துங்கள். அவை பகல் வெளிச்சத்தில் எல்லா நிலைகளிலும் பரவிக் கிடந்தால், சூப்பர்ஜூமைத் தயக்கமின்றி வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவை வீட்டுக்குள் 35 மி.மீ.யை ஒட்டி எடுத்தவையாக இருந்தால், அதை விற்க வேண்டாம், 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைத் துணைக்குச் சேருங்கள். அந்த நிலையில் சூப்பர்ஜூம் தருவதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை அது உள்ளே விடும். படங்கள் 200 மி.மீ.யிலேயே குவிந்து, பறவைகளாகவே இருந்தால் மட்டும் தனி டெலி லென்ஸுக்கு (தொலைவிலுள்ளதை எடுப்பதற்கென்றே உள்ள லென்ஸ்) பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.