சைலன்சர் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்ச கதை

நம்ம கார் பழசுதானுங்க, 2012 மாடல் பெட்ரோல் வண்டி. பொள்ளாச்சில ஊட்டுல இருந்து தேங்கா களத்துக்கு 2 கிலோமீட்டர், திரும்ப 2, அவ்ளோதான் ஓட்டம். போன ஐப்பசில திடீர்னு டிராக்டர் கணக்கா சத்தம், ஸ்டார்ட் பண்ணா தகரத்துல கல்லு உருளற மாதிரி கடகடன்னு வேற. சத்தம்தானேன்னு ஒரு மாசம் உட்டுட்டேன், அது என் தப்பு.

அப்புறம் கண்ணாடிய ஏத்திட்டு போனா உள்ளார புகை வாசம், ஊட்டுக்காரிக்கு தலைவலி. அதுல கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு இருக்கும், அதுக்கு வாசமே கெடையாதுங்க, அப்பதான் பயந்துபோயி மெக்கானிக் அண்ணங்கிட்ட போனேன். அவரு எஞ்சின் ஆறி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஈரத்துணியால பின்னாடி பைப்ப சித்த நேரம் அடைச்சாரு, சைலன்சருக்கு அடில தகடு சேர்ற தையல் ஓரத்துல புஸ்ஸுனு காத்து, அந்த எடத்துல கரி வேற அப்பியிருந்துச்சு. "வண்டி சூடாகறதுக்குள்ள நிறுத்திப்போடறீங்க தம்பி, புகைல வர்ற தண்ணி ஆவியாகாம உள்ளயே நின்னு அரிச்சிருது"ன்னாரு. தண்ணி வடியறதுக்குன்னு அடில ஊசித்தொளை ஒண்ணு இருக்குமாம், அதுவும் சேறடைச்சுக் கெடந்துச்சு.

மொதல்ல வெல்டிங் வெச்சுப் பாத்தோம், தகடு அப்பளமாட்டம் பொடிஞ்சிருச்சு. உள்ள தடுப்புத் தகடும் கழண்டு கெடந்ததுதான் அந்த கடகட. பழசு வாங்கலாம்னு கோயமுத்தூர் உக்கடம் வரைக்கும் போயிட்டு, மனசு கேக்காம புதுசே வாங்கிப் போட்டாச்சு, சைலன்சர் தொங்கற ரப்பர் மூணையும் சேத்து மாத்தியாச்சு. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா, வண்டி நல்லா சூடாகி உள்ள தண்ணி காயட்டும்னு உடுமலை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துருவேனுங்க.