நரம்பு கொண்டு புல் வெட்டுவோம்: கரண்ட் ட்ரிம்மரை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு

ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்து ஓய்ந்தால் வீட்டைச் சுற்றிப் புல் முழங்காலைத் தொடும். வெட்ட ஆள் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்பார். அந்த நாளை கார்த்திகை தீபம் தாண்டியும் வராது. அந்தக் கடுப்பில் வாங்கியதுதான் என் ட்ரிம்மர். ஐந்து சென்ட் மனை, அதில் பாதி வீடு, முன்னால் கட்டில் அளவுக்கு ஒரு புல்தரை, பின்னால் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மீதியெல்லாம் அருகும் கோரையும். இந்த அளவுக்கு பெட்ரோல் மெஷின் வேண்டியதில்லை. கரண்டில் ஓடும் 500 வாட் ட்ரிம்மரே தாராளம்.

முதலில் இந்தச் சாமான் எப்படி வெட்டுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். கத்தி கிடையாது. அடியில் ஒரு வட்டத் தலை, அதற்குள் நூல்கண்டு போலச் சுற்றிய நைலான் நரம்பு. தூண்டிலில் கட்டுகிற அதே வகை, கொஞ்சம் தடிமன், அவ்வளவே. 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர் காரைக் கழுவக் கொண்டுபோன இடத்தில், சுழலும் பிரஷ் நார்கள் காரின் பெயின்டைக் கெடுக்காமல் இண்டு இடுக்கெல்லாம் துடைப்பதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு பாப்கார்ன் டின்னில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டார். மரத்தின் பட்டையில் காயம் படாமல் சுற்றியுள்ள புல்லை எடுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். இதை நினைவில் வையுங்கள், பட்டை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஓடாதபோது இந்த நரம்பு துவண்டு தொங்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும்போது விறைத்து நீட்டிக்கொள்ளும். 25 செ.மீ. அகல வட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நுனியின் வேகம் மணிக்கு 470 கிலோமீட்டர் வருகிறது. வெட்டுவது அந்த நுனிதான். நீங்கள் தரும் அழுத்தத்துக்கோ மெஷினின் கனத்துக்கோ அதில் வேலையே இல்லை.

மெஷினை எடுக்கும் முன்

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹவாய் செருப்போடு இறங்கிவிடாதீர்கள். முதல் நாள் நான் அப்படித்தான் இறங்கினேன். ஒரு ஜல்லித் துண்டு முழங்காலுக்குக் கீழே அடித்த அடியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கெட்டியான முழு பேன்ட், மூடிய ஷூ, கண்ணுக்குப் பக்கவாட்டும் மறைக்கிற கண்ணாடி, இந்த மூன்றும் கட்டாயம். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதுவே போதும் என்று நினைக்க வேண்டாம், பக்கவாட்டில் திறந்துதான் இருக்கிறது.

அடுத்து, தரையைச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் மனையில் வீடு கட்டியபோது மிச்சமான ஜல்லி, கம்பித் துண்டு, ஓட்டுச் சில்லு எல்லாம் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு நீளக் கம்பால் புல்லைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வாருங்கள். பாம்பு இருந்தால் விலகிப் போக அதற்கும் நேரம் கிடைக்கும். மழைக்குப் பிறகு அடர்ந்த புல்லில் கையை விட்டுக் கல் பொறுக்காதீர்கள். கம்பால் விலக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

குழந்தைகள், நாய், பக்கத்து வீட்டு அம்மா, யாராக இருந்தாலும் 15 மீட்டர் தள்ளி நிற்கட்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் வீட்டுக்குள் போகச் சொல்லுங்கள். மெஷின் தலையின் மேல், அது சுழலும் திசையைக் காட்டும் ஒரு அம்புக்குறி இருக்கும். நமக்கு எதிரே உள்ள விளிம்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கல் பறக்கும். பைக்கும் ஜன்னல் கண்ணாடியும் அந்தத் திசையில் இல்லாதபடி நின்றுகொள்ளுங்கள்.

ஒயர்

இந்த வேலையில் எனக்குப் பயம் என்றால் நரம்பைவிட ஒயர்தான். 500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டே போதும். சிக்கல் எக்ஸ்டென்ஷனில்தான். டிவிக்குப் போடுகிற மெல்லிய ஒயரை இதற்குக் கொண்டுவராதீர்கள். 20, 25 மீட்டர் இழுக்க வேண்டுமென்றால் 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர், வெளியில் போட ஏற்ற தடித்த உறை உள்ளதாக வாங்குங்கள். சுருளில் இருந்து முழுவதும் பிரித்துவிட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும். சுருட்டியபடி கரண்ட் ஓடினால் உள்ளே சூடு தேங்கி உறை இளகிவிடும்.

மெஷின் ஒயரும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் சேரும் இடத்தைக் கைப்பிடியில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். கொக்கி இல்லையென்றால் இரண்டு ஒயரையும் சேர்த்து ஒரு தளர்ந்த முடிச்சு போடுங்கள். இழுபட்டாலும் பிளக் கழராது. பிறகு ஒயரைத் தோள்மேல் போட்டு முதுகுப்பக்கம் விடுங்கள். வெட்டத் தொடங்குவது பிளக் பாயின்ட்டுக்கு மிக அருகில் உள்ள இடத்திலிருந்து. அங்கிருந்து தள்ளித் தள்ளிப் போனால் ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்தில் கிடக்கும், நரம்புக்குக் குறுக்கே வராது.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒயர் வெட்டுப்பட்டு உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் அதுதான் கண நேரத்தில் துண்டிக்கும். சாதாரண எம்சிபி அந்த வேலையைச் செய்யாது.

ஈரப் புல்லில் ஓட்டவே கூடாது. மழைக்காலத்தில்தான் புல் வளர்கிறது, மழைக்காலத்தில்தான் புல் காய்வதில்லை, என்ன செய்ய? இரண்டு நாள் வெயில் அடிக்கும் இடைவெளிக்குக் காத்திருந்து, பனி உலர்ந்தபின் பத்து மணி வாக்கில் இறங்குங்கள். ஈரப் புல் கரண்டுக்கு மட்டுமல்ல, மெஷினுக்கும் ஆகாது. மாவு போல அப்பி, தலையையும் மூடியையும் அடைத்துவிடும்.

வெட்டுவது

தலை புல்லைத் தொடாத உயரத்தில் பிடித்து ஸ்விட்சை அழுத்துங்கள். சத்தம் உச்சத்துக்கு வந்து நிலையான பிறகுதான் புல்லுக்குள் இறக்க வேண்டும். புல்லுக்குள் வைத்துக்கொண்டே ஓடவிட்டால் நரம்பு விறைக்கும் முன்பே சிக்கி, மோட்டார் திணறும்.

தலையை முழுதாகப் புல்லில் அமுக்காதீர்கள். நுனி மட்டும் மேயட்டும். முறத்தால் வீசுவது போல இடவலமாக அரைவட்டம், ஒரு சின்ன அடி முன்னால், மறுபடி அரைவட்டம். வேகம் வேண்டாம். சத்தம் தாழ்ந்தால் அதிகம் திணிக்கிறீர்கள் என்று பொருள், கொஞ்சம் பின்வாங்குங்கள். முழங்கால் உயரப் புல்லை ஒரே வீச்சில் அடியோடு எடுக்கப் பார்த்தால் நீளத் தாள்கள் தலையில் சடை பின்னிக்கொள்ளும். மேலே ஒரு சாண், பிறகு அடுத்த சாண் என்று படிப்படியாக இறங்குங்கள்.

முன்பக்கப் புல்தரையை ஒட்ட மொட்டை அடிக்க வேண்டாம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுத்து, நான்கு ஐந்து செ.மீ. விட்டுவையுங்கள். மண் தெரிய வெட்டினால் அந்த வெற்றிடத்தில் முதலில் முளைப்பது கோரைதான். அதற்கு மண்ணுக்குள் கிழங்கு இருப்பதால் மேலே எத்தனை முறை வெட்டினாலும் கவலையில்லை, அடுத்த வாரம் வந்து நிற்கும். அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பார்த்தீனியம் வேறு கதை: பூத்துவிட்டால் ட்ரிம்மரைக் காட்டாதீர்கள். விதையை மனை முழுக்க நீங்களே தூவியதாகிவிடும். பூக்கும் முன், கையுறையும் மாஸ்க்கும் போட்டு, வேரோடு பிடுங்குவதே வழி.

நரம்பு தேய்ந்து குட்டையாகும். தட்டினால் நீளும் வகையென்றால், ஓடும்போதே தலையை மண்ணில் ஒரு தட்டு தட்டுங்கள், சிமென்ட் தரையில் அல்ல. கூடுதலாக நீண்டதை மூடியின் விளிம்பில் உள்ள சின்னத் தகடு தானே நறுக்கிவிடும். அந்தத் தகட்டுக்காகவும் கல்லைத் தடுப்பதற்காகவும்தான் மூடி இருக்கிறது. கழற்றிவிட்டால் அகலமாக வெட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சுவரோரம் போகும்போது நரம்பின் நுனி சிமென்டில் உரசினால் நிமிடத்தில் கரையும். நாலு விரல் தள்ளிப் பிடித்து, மிச்சத்தைக் கதிர் அரிவாளால் எடுத்துவிடுவது என் பழக்கம்.

பத்து நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். சின்ன மோட்டார், நம் வெயில் வேறு. கருகல் வாடை வந்தால் அன்றைக்குப் போதும்.

மரத்தடி

மரத்தைக் காப்பாற்ற வந்த மெஷின்தான் இன்று தோட்டங்களில் கன்றுகளைக் கொல்கிறது. இலை தயாரித்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக. இளம் மா, சப்போட்டா, கறிவேப்பிலைக் கன்றில் நரம்பு ஒரு சுற்று உரசினால் அந்தப் பாதை வளையமாக அறுந்துவிடும். உடனே ஒன்றும் தெரியாது. என் சப்போட்டா இரண்டு மாதம் பச்சையாகவே நின்று, பிறகு ஒரு வாரத்தில் காய்ந்தது. தென்னைக்கு இந்த மாதிரிப் பட்டை இல்லை, ஆனால் அதன் தண்டில் பட்ட காயம் ஒருநாளும் மூடாது. சிவப்புக் கூன்வண்டு காயத்தின் வாடைக்கு வந்து முட்டையிடும். இளந்தென்னைக்கு அதைவிட ஆபத்து வேறில்லை.

ஆகவே எந்த மரமானாலும் தண்டைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கையால்தான் களை எடுங்கள். கன்றுகளுக்கு மிச்சமான பிவிசி பைப்பில் ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் கீறி, அடியில் கவசமாக மாட்டிவிடலாம்.

முடித்த பிறகு

தலையில் கை வைக்கும் முன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஸ்விட்சை விட்டதும் தலை சில விநாடி சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒட்டிய புல்லைக் குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது.

நரம்பு தீர்ந்தால் மெஷினில் எழுதியிருக்கும் தடிமனிலேயே வாங்குங்கள். 1.2 என்று இருந்தால் 1.2 மி.மீ. "தடிமனா போட்டா நாள்பட வரும்" என்று கடையில் சொல்வார்கள். வரும், மோட்டார்தான் வராது. இரும்புப் பிளேடு, சங்கிலி மாட்டுகிற தலை இதெல்லாம் இந்த மெஷினுக்கு அல்ல. புது நரம்பைச் சுற்றும்போது, தலைக்குள் இருக்கும் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் கண்டு) உள்ள அம்புத் திசையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வரிசையாகச் சுற்றுங்கள். குறுக்கே ஏறினால் ஓட்டத்தின் சூட்டில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டினாலும் நீளாது.

வெட்டிய புல்லை ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுக்காதீர்கள், அறுந்த நரம்புத் துண்டு கலந்திருக்கும். கண்ணில் படும் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, புல்லை வாழைக்கோ தென்னைக்கோ அடியில், தண்டை ஒட்டாமல் மூடாக்காகப் போடலாம். பழைய நரம்பு வெயிலில் கிடந்து மொடமொடவென்று ஒடிந்தால் எறிய வேண்டாம். முதல் நாள் இரவு ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். நைலான் தண்ணீரை உறிஞ்சி மறுபடி வளைந்துகொடுக்கும். துடைத்து ஸ்பூலில் ஏற்றினால் அன்றைய வேலைக்கு ஆகும்.