செட்டிநாட்டில் பூட்டிய வீடெல்லாம் பாழ்வீடு அல்ல

செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆளில்லை என்று முடிவுகட்டுவது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தெரு முழுக்க ஆள் அரவமே இருக்காது. முகப்புச் சுதைச் சிற்பத்தைப் பிளந்து அரசங்கன்று முளைத்திருக்கும். ஆனாலும் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, அதுவும் ஒருவர் இருவர் அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்த காசில் எழுந்த வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் தொழில் முடங்கியது. 1960களில் அங்கே வந்த தேசியமயம் மிச்சத்தையும் கொண்டுபோனது. தலைமுறைதோறும் பங்கு பிரிந்துகொண்டே போக, இன்று விற்பதென்றால் பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துவர வேண்டும். பூட்டுக்குக் காரணம் அதுதான். கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் அதே வீட்டில் பந்தி நடக்கும். ‘பேய் ஊர்’ என்று வீடியோவுக்குத் தலைப்பு வைக்கிறவர்கள் அன்றைக்கு வந்து பார்க்கட்டும்.

ஆகவே, கதவு திறந்திருக்கிறதே என்று நுழையாதீர்கள். காவலாளியிடமோ பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ கேளுங்கள். ஆத்தங்குடி பெரிய வீட்டைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அனுமதி கிடைத்தாலும் சிதைந்த வீட்டில் மாடி ஏற வேண்டாம். ஓடு உடைந்த இடத்தில் மழைநீர் இறங்கி, உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்திருக்கலாம்; கீழிருந்து பார்த்தால் தெரியாது.

நினைவிடங்களில் குழப்பம் வேறு. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டது திருப்பத்தூரில், சமாதி காளையார்கோவிலில். செல்போனில் வழி தேடும்போது ‘சிவகங்கை மாவட்டம்’ என்று சேர்க்காவிட்டால், வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூருக்கு வண்டி போய்விடும். அக்டோபர் கடைசி வாரத்தில் குருபூஜையை ஒட்டிப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இருக்கும், வேறு தேதி பாருங்கள். காளையார்கோவில் காரைக்குடிக்குத் தெற்கே, திருமயம் கோட்டை வடக்கே. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் காரின் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். என்னைக் கேட்டால் தெற்கு. அந்தப் பக்கம் நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியும் இருக்கிறது, பலர் தவறவிடுவது.

கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்; தண்ணீரும் தொப்பியும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் கதவும் மலிவாகக் கிடைத்தால், எந்த வீட்டை இடித்து வந்தவை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.