ரெண்டு இரும்புச்சட்டி, ஆறு ஓட்டை

பெங்களூர் மழை சொல்லிக்கொண்டு வராது. அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு மணிக்குக் கோழி சுடக் கரியைப் பற்றவைத்தால் ஆறரைக்கு அடுப்பில் தண்ணீர் நிற்கும். மூடிபோட்ட அடுப்பு செய்ய வைத்ததே அந்த மழைதான்.

எனக்குப் பீன்யாவில் வெல்டிங் பட்டறை. கல்யாணச் சமையலுக்கு விற்கும் 20 அங்குல இரும்புச்சட்டி ரெண்டு வாங்கினேன், ஒன்று அடுப்பு, ஒன்று மூடி. தொழில்காரன் திமிரில் காற்றுப் புகாதபடி மூடியைப் பொருத்தினேன். பத்தே நிமிஷத்தில் நெருப்பு செத்தது. “இட்லிக் கொப்பரை மூடியிலகூட ஓட்டை இருக்கே” என்றாள் வீட்டுக்காரி.

இதே பாடு 1952இல் சிகாகோக்காரர் ஜார்ஜ் ஸ்டீஃபனும் பட்டிருக்கிறார். கப்பலுக்கு வழிகாட்டும் இரும்பு மிதவைகள் செய்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில் அவருக்கு வேலை. காற்றும் மழையும் தாங்காமல் ஒரு மிதவையைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதிக்குக் கால் வைத்து, மேல்பாதியை மூடியாக்கினார். நெருப்பு அணைந்தது, மூடியில் ஓட்டை போடச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர் என்பார்கள்.

ஆகவே: கீழ்ச்சட்டியின் அடியில் மூன்று, மூடியில் ஒரு பக்கமாக மூன்று, ஒவ்வொன்றும் 20 மி.மீ. அதே மூன்று ஓட்டையுள்ள தகடு ஒன்றை மேலும் கீழும் அந்த மூன்று ஓட்டைகளுக்கு நடுவில் போல்ட் போட்டு மாட்டினால், திருப்பித் திருப்பிக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். கால் மூன்றே போதும், மேடுபள்ளத் தரையிலும் ஆடாது. மூடியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ரெண்டு சட்டியின் கைப்பிடிக் காதுகளும் ஒன்றோடொன்று இடிக்கும். கரிக்கு அடியில் ஓர் அங்குலம் உயரத்தில் ஒரு கம்பிவலை, கறிக்கு விளிம்பில் இன்னொன்று. துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு எதிலும் வேண்டாம், சூட்டில் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். முதல் நாள் வெறும் சட்டியை ஒரு மணி நேரம் எரித்துவிட்டு, ஆறியதும் கடலை எண்ணெய் தடவுங்கள்.

கரி சாம்பல் பூத்ததும் ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வையுங்கள். மூடியின் ஓட்டை கோழிக்கு மேல் வரணும். அப்போதுதான் புகை கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும். மேல் ஓட்டையை அடைக்காதீர்கள், சூட்டைக் கீழ் ஓட்டையால் மட்டும் அடக்குங்கள். அடிக்கடி திறந்து பார்க்கிற ஆளை (என் மச்சான்) கிட்டவே விடாதீர்கள். பாதிப் பாதியாகப் பிளந்த கோழிக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். தொடை மூட்டில் குத்தினால் தெளிந்த நீர் வரணும்.

முடிந்ததும் ஆறு ஓட்டையையும் மூடுங்கள். மிச்சக் கரி அடுத்த ஞாயிற்றுக்கு ஆகும்.